வி30 நான்கா, வி60 இரண்டா? திருமணப் படப்பிடிப்புக்கான மெமரி கார்டு ஒப்பீடு

சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் திருமணங்கள் எடுத்துவரும் நான், பழைய கார்டுகளை மொத்தமாக மாற்ற வேண்டி வந்தபோது இரண்டு வழிகளை எடைபோட்டேன். யுஎச்எஸ்-2 என்ற வேகமான தரவுத்தட வகையைச் சேர்ந்த வி60 தர எஸ்டி கார்டுகள் இரண்டு வாங்கலாம்; ஏறக்குறைய அதே பணத்தில் யுஎச்எஸ்-1 என்ற வேகம் குறைந்த தட வகையைச் சேர்ந்த வி30 கார்டுகள் நான்கும் வாங்கலாம். எல்லாம் 128 ஜிபி கொள்ளளவு. நான் வி30 பக்கம் போனேன். ஆகவே இந்த ஒப்பீடும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கார்டின் முகப்பில் உள்ள குறிகளில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்ற உறுதி. வி60, வி90 குறிகளும் அப்படியே. ஏ1, ஏ2 ஆகியவை கைப்பேசிச் செயலிகளுக்கானவை என்பதால் கேமராக்காரருக்கு அவற்றால் பயனில்லை. பெரிய எழுத்தில் அச்சிடப்படும் 170, 200 போன்ற எண்கள் படிக்கும் வேகத்தைக் குறிப்பவை. யுஎச்எஸ்-1 தடத்தின் உச்சவரம்பே 104 மெகாபைட்தான் என்பதால், அதைத் தாண்டிய வேகம் அதற்கு ஏற்ற ரீடரில் (கார்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவியில்) மட்டுமே கிடைக்கும், கேமராவுக்குள் கிடைக்காது. வீடியோவுக்காகவே வி60 வேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கேமராவின் 4கே பதிவு விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட், வி30 கார்டு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் தாங்கும்.

வேகத்தில் வி60 மேலானது என்பதில் ஐயமில்லை. கார்டின் பின்புறம் இரண்டாவது வரிசையாக இருக்கும் தொடுமுனைகள் வழியே யுஎச்எஸ்-2 தடம் 312 மெகாபைட் வரை போகும். ஆனால் ஏ7 மார்க் 3 கேமராவின் இரண்டு ஸ்லாட்டுகளில் முதலாவது மட்டுமே யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1. ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி அமைத்துவிட்டால், வேகம் குறைந்த ஸ்லாட்டே மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. முதல் ஸ்லாட்டில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டைச் செருகினாலும் இரண்டாவது ஸ்லாட்டுக்காக அது காத்துக் கிடக்கத்தான் வேண்டும். சென்சார் பதிந்த தரவை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை முதல் கார்டிலும், கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய, திருத்த இடம் குறைந்த ஜேபெக்கை இரண்டாவது கார்டிலும் பிரித்துப் பதிந்தால் வேகத்தை ஓரளவு மீட்கலாம் என்பது உண்மையே. ஆயினும், மண்டபத்தின் ஊதா, பச்சை எல்ஈடி விளக்குகளும் வீடியோகாரரின் வெள்ளை விளக்கும் மணப்பெண்ணின் முகத்தில் கலந்து விழுந்திருக்கும் ஒரு படத்தை ஜேபெக்கில் திருத்திப் பார்த்தவர்கள், அதைச் சரியான பேக்கப் என்று ஏற்கமாட்டார்கள்.

தாலி கட்டும் நேரத்தில் வி30 திணறாதா என்ற கேள்வி நியாயமானது. சுருக்கப்பட்ட ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 24 மெகாபைட். தொடர்ச்சியாக 89 படங்கள் வரை கேமராவின் பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) தாங்கும் என்று சோனி குறிப்பிடுகிறது. விநாடிக்கு 10 படம் என்ற உச்ச வேகத்தில் விடாமல் அழுத்தினால் பஃபர் நிறைய ஒன்பது விநாடிகளாகும். கெட்டிமேளம் முழங்கி, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு, நாத்தனார் மீதி முடிச்சுகளைப் போட்டு முடிக்கும் வரையில், இரண்டு மூன்று விநாடிகளாக விட்டுவிட்டு அழுத்துவதே பெரும்பாலோரின் வழக்கம் என்பதால் அந்த எல்லையை நான் அபூர்வமாகத்தான் தொடுகிறேன். முழுதாக நிறைந்துவிட்டால், விநாடிக்கு 70 முதல் 80 மெகாபைட் வேகத்தில் அது காலியாக அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்திலும் பஃபரில் இடம் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக எடுக்க முடியும்.

வி60 உண்மையிலேயே மிச்சப்படுத்துவது வீட்டுக்கு வந்த பிறகு ஆகும் நேரத்தைத்தான். ஒரு திருமணத்தின் 60 ஜிபி அளவிலான கோப்புகளைப் சாதாரண ரீடரில் பிரதி எடுக்க வி30 கார்டுக்குப் பதினொரு நிமிடமாவது ஆகும். யுஎச்எஸ்-2 ரீடரும் எஸ்எஸ்டியும் இருந்தால் வி60 அதை நான்கைந்து நிமிடங்களில் முடித்துவிடும். சுழலும் தட்டு கொண்ட சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நேரடியாக ஏற்றுபவர்களுக்கு இந்த ஆதாயமும் பெரும்பாலும் கரைந்துபோகும். அந்த டிஸ்க்கே விநாடிக்கு 120 மெகாபைட் வாக்கில் நின்றுவிடும்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். நல்ல நிறுவனத்தின் அசல் கார்டு படமெடுக்கும்போதே செத்துப்போவது அரிது. நான் பார்த்தும் கேட்டும் அறிந்த இழப்புகளில் பெரும்பாலானவை கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் நிகழ்ந்தவை: பிரதி முழுமையாக ஏறியதா என்று திறந்து பார்க்காமல் கார்டை ஃபார்மட் செய்தது, ஒரே பிரதி இருந்த ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது, எந்தக் கார்டு முடிந்தது எது முடியாதது என்று தெரியாமல் உதவியாளர் மாற்றிச் செருகியது. இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒரே நெருக்கடிதான்: நாளைய வேலைக்குக் கார்டு வேண்டும், எனவே இன்றைய கார்டை இன்றிரவே காலி செய்தாக வேண்டும். வைகாசியிலும் ஆவணியிலும் சனிக்கிழமை மாலை ஒரு வரவேற்பு, ஞாயிறு விடியலில் முகூர்த்தம், திங்களன்று வேறு ஊரில் வேறு குடும்பம் என்று வேலை வரிசை கட்டும்போது, இரண்டே கார்டு வைத்திருப்பவர் தூக்கக் கலக்கத்தோடு நள்ளிரவில் ஃபார்மட் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. கூடுதலாகக் கார்டு வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே ஒரு கார்டின் நம்பகத்தன்மையை நான் அளப்பது, அதை எத்தனை நாள் ஃபார்மட் செய்யாமல் ஓரமாக வைத்திருக்க எனக்குக் கட்டுப்படியாகும் என்ற கணக்கை வைத்துத்தான். அந்தக் கணக்கில் விலை மலிந்த வி30 எளிதாக வென்றுவிடுகிறது.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது என்றால், ஒரே படங்களைத் தாங்கிய இரண்டு கார்டுகளும் கேமராவிலிருந்து வெளியே வந்தவுடன் அவற்றின் பக்கவாட்டில் உள்ள சிறு லாக் விசையைக் கீழே தள்ளிவிடுகிறேன்; அதன்பின் தவறிச் செருகினாலும் கேமரா அவற்றில் எழுத மறுத்துவிடும். ஒன்று என் பையில் போகும், மற்றொன்று உதவியாளரின் பையில் போகும். குடும்பத்தின் பெயரையும் தேதியையும் எழுதிய துண்டுச்சீட்டு கார்டுப் பெட்டியின் குழிக்குள் இருக்கும். கார்டின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டினால் அது உரிந்து ஸ்லாட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். கோப்புகள் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏறி, ஆல்பத்துக்கான படங்களைக் குடும்பத்தார் தேர்ந்தெடுத்துத் தரும்வரை ஒரு கார்டாவது ஃபார்மட் ஆகாமல் இருக்கும். இதை ஆண்டுக்கணக்கான சேமிப்பாக யாரும் நீட்டிக்கக் கூடாது. மின்சாரமின்றிக் கிடக்கும் ஃப்ளாஷ் செல்லிலிருந்து மின்னேற்றம் மெல்லக் கசியும், வெப்பம் அந்தக் கசிவை விரைவுபடுத்தும். சித்திரை வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டு அதற்கு மிக மோசமான இடம்.

தேய்மானம் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதி அழிக்கும் சுழற்சிகளுக்கு வரம்பு உண்டென்றாலும், புகைப்படக்காரரின் உபயோகத்தில் அந்த வரம்புக்கு வெகுமுன்பே பிளாஸ்டிக் உடைந்துவிடுகிறது: தொடுமுனைகளுக்கு இடையேயான மெல்லிய தடுப்புகள் பெயரும், லாக் விசை கழன்று விழும். சோனியின் டஃப் வரிசை, தடுப்பும் விசையும் இல்லாத ஒரே வார்ப்பு உடலால் இதைத் தீர்த்திருக்கிறது; கட்டுமானத்தில் அதற்கு இணையாக என் வி30 கார்டுகளைச் சொல்லமாட்டேன். ஆனால் நான் நம்பியிருக்கும் லாக் விசையும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது.

எந்தப் பக்கம் போனாலும் போலிக் கார்டுதான் பொது எதிரி. உள்ளே 16 ஜிபி மட்டும் வைத்துக்கொண்டு, 128 ஜிபி என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி கார்டை இயக்கும் சில்லான கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருப்பார்கள். தொடக்கப் படங்கள் ஒழுங்காக விழும், இடம் தீர்ந்த பிறகு எடுத்தவை திறக்காது. எனவே புதிய கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துச் சரிபார்க்காமல் வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது. 128 ஜிபி வி30 கார்டுக்கு இது ஒரு மணி நேரம் எடுக்கலாம். கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் வேலைதான்.

மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்துவதை நான் பொருட்படுத்தவே இல்லை. கூடுதலாக ஒரு ஜோடி தொடுமுனை என்பது கூடுதலாக ஒரு பழுதிடம். எஸ்டியிலிருந்து வேறுபட்ட, அதைவிட வேகமான சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டை வாடகைக் கேமராவில் மட்டுமே கையாண்டிருக்கிறேன். உடல் உறுதியாகவும் தொடுமுனைகள் உள்ளடங்கியும் இருப்பது பிடித்தது, நீண்ட பதிவுக்குப் பின் கார்டு சூடாக வெளிவருவது பிடிக்கவில்லை. இந்தச் சொற்பப் பழக்கத்தை வைத்து அதன் ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

பறவைகளையோ விளையாட்டையோ எடுப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பஃபர் காலியாகும் வேகமே படத்தைத் தீர்மானிக்கும், அவர்கள் வி60க்குக் கீழே இறங்க வேண்டாம். ஏ7 மார்க் 4 வைத்திருப்பவர்களின் நிலையும் வேறு: அதில் இரண்டு ஸ்லாட்டுகளுமே யுஎச்எஸ்-2 என்பதால், இரண்டு கார்டிலும் பதிந்தாலும் வேகம் வீணாகாது. அந்தக் கேமராவுக்கு நான் மாறும் நாளில் வி60 வாங்குவேன், ஆனால் இரண்டோடு நிறுத்தமாட்டேன். நான்கு வாங்கப் பணம் சேரும்வரை இந்த வி30 கார்டுகளே அதிலும் ஓடும்.