நிறுத்திய வேனில் பெட்டரி இறங்குகிறதா? காரணம் தேடும் வழிகளில் எது மேல்

சனிக்கிழமை மாலை நானுஓயாவில் நிறுத்திய வேன் செவ்வாய்க்கிழமை காலை முனகிவிட்டு அடங்கிப்போனால், மலையகத்தில் நமக்குக் கைவந்த வைத்தியம் ஒன்று உண்டு. சரிவில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். இந்தச் சரிவுதான் நம்மை ஏமாற்றுகிறது. கொழும்பில் இருப்பவர் மூன்றாம் நாளே கராஜுக்குப் போய்விடுவார். நான் ஒரு மழைக்காலம் முழுவதும் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பியே வேனை நிறுத்தினேன். நடுவில் வாங்கிய புதிய பெட்டரியும் அதேபோல் இறங்கியது.

நிறுத்திய வாகனத்திலும் ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருப்பதைத்தான் கசிவு என்கிறோம். அதைத் தேடுவதற்கு முன் பெட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். நன்றாக சார்ஜ் செய்து, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் 12.6 வோல்ட் அளவில் நின்றால் பெட்டரி பெரும்பாலும் நல்லது. கழற்றி வைத்தும் 12.2க்கு இறங்கினால் குற்றம் பெட்டரியுடையது. நுவரெலியாக் குளிரில் பெட்டரியின் வலிமையும் குறையும், டீசல் இஞ்சினின் ஒயிலும் கெட்டியாகும். அதனால் கீழ்நாட்டில் தாக்குப்பிடிக்கும் சிறு கசிவுகூட இங்கே காலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்டரி நல்லதென்றால், கசிவு எவ்வளவு, எந்த வழியில் என்ற இரண்டு கேள்விகள் எழும். கராஜ் பாஸ்மார்கள் சொல்லும் முறைகள் எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றுக்குத்தான் பதில் தருகின்றன. இது புரியாமல்தான் நான் பல நாட்களை வீணாக்கினேன்.

எவ்வளவு என்பதற்கு, நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதன் கேபிளுக்கும் இடையில் மல்டிமீட்டரை 10 அம்பியர் துளையில் செருகி அளப்பதை மிஞ்சிய வழி இல்லை. நிறுத்திய வாகனம் 20 முதல் 50 மில்லிஅம்பியர் வரை இழுப்பது இயல்பு. 50 என்றாலும் நாளுக்கு 1.2 அம்பியர்-மணிதான் போகும். என் வேன் இழுத்தது 600. இரண்டரை நாளில் 70 அம்பியர்-மணி பெட்டரியில் பாதி காலி! ஆனால் இந்த முறையில் அவசரம் கூடாது. திறந்திருக்கும் கதவை மூடியதாக வாகனம் நினைக்கும்படி அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, சாவியைத் தூரத்தில் வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். புதிய வாகனங்களின் கணினிப் பெட்டிகள் உறங்க அவ்வளவு நேரமாகலாம். மீட்டர் இணைந்திருக்கும்போது யாராவது இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

எந்த வழியில் என்பதற்கு நம் பக்கத்துக் கராஜ்களின் பழக்கம், பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. பழைய டொல்பின் வேனுக்கு இது போதும்; எளிது, ஐயமற்றது. புதிய காருக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பிடுங்கிய பியூஸைத் திரும்பச் செருகும்போது உறங்கிய கணினிப் பெட்டி விழித்துக்கொள்ளும், மீட்டர் எகிறும், நிரபராதி மாட்டிக்கொள்ளும். ஹட்டனில் இருக்கும் என் மச்சானின் காரில் இப்படி ஒரு காலைப்பொழுது முழுவதும் போனது. ரேடியோ பியூஸ்தான் காரணம் என்று முடிவுகட்டினார்கள். ரேடியோ இல்லாமலும் பெட்டரி இறங்கியது.

பியூஸைத் தொந்தரவு செய்யாமல், அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. மின்சாரம் ஓடாத பியூஸில் பூச்சியம் காட்டும். 10 அம்பியர் சிறு பியூஸின் தடை சுமார் 7 முதல் 8 மில்லி ஓம். எனவே அதில் 0.1 மில்லிவோல்ட் தெரிந்தால் ஏறக்குறைய 13 மில்லிஅம்பியர் ஓடுகிறது. பியூஸின் அளவு மாறினால் கணக்கும் மாறும். 20 அம்பியர் பியூஸில் அதே எண் இன்னும் பெரிய கசிவைக் குறிக்கும். மச்சானின் காரில் ஒரு 10 அம்பியர் பியூஸ் மட்டும் 3 மில்லிவோல்ட் காட்டியது. அதாவது 400 மில்லிஅம்பியர், சரியாக ஒரு 5 வாட் பல்பு! டிக்கியின் சுவிட்ச் ஈரத்தில் துருவேறி ஒட்டிக்கொண்டு, மூடிய டிக்கிக்குள் இரவெல்லாம் விளக்கு எரிந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் கிடைத்த விடை அது.

ஆனால் இந்த முறைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருப்பதை என் வேன் கற்றுத்தந்தது. மொத்தம் 600 மில்லிஅம்பியர் போகிறது, பியூஸ் பெட்டி முழுவதும் பூச்சியம். அப்படியென்றால் மின்சாரம் பியூஸ் பெட்டிக்கு வராமலே எங்கோ போகிறது. இங்கேதான் வயரைக் கழற்றாமல் வெளியே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் உதவுகிறது. வீட்டு வயரிங் செய்பவர்களிடம் இருக்கும் சாதாரண கிளாம்ப் ஏசி மட்டுமே அளக்கும்; பெட்டரியின் மின்சாரமான டிசியை அளப்பதை இரவல் வாங்கினேன். பூச்சியமாக்கிவிட்டு அளந்தாலும் சின்ன அளவுகளில் அதன் எண் நிலையாக நிற்காது. ஆகவே 50 மில்லிஅம்பியர் இயல்பா இல்லையா என்று முடிவுசெய்ய அதை நம்ப மாட்டேன். பெரிய கசிவு எந்த வயரில் என்று காட்ட அது போதும்.

பொசிட்டிவ் டெர்மினலில் இருந்து கிளம்பிய வயர்களை ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்த்தேன். முதலில் சந்தேகப்பட்டது, இஞ்சின் ஓடும்போது பெட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை; உள்ளே டயோட் பழுதானால் அதன் வழியாகவும் இரவில் மின்சாரம் கசியும். அது சுத்தமாக இருந்தது. குற்றவாளி, சீசனுக்கு முன் பாட்டுச் சத்தத்துக்காகப் பொருத்திய அம்ப்ளிபயர். அதை எழுப்பும் மெல்லிய வயரைச் சாவியோடு அணையும் இணைப்பில் சேர்க்காமல், எப்போதும் மின்சாரம் இருக்கும் இணைப்பில் முறுக்கிவிட்டிருந்தார்கள். வயரை மாற்றிய பிறகு மீட்டர் 30ல் நின்றது.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் தேடலாம், ஆனால் 12 வோல்ட் பெட்டரியின் பக்கத்தோடு நின்றுகொள்ளுங்கள். செம்மஞ்சள் நிற உறை போட்ட உயர் வோல்ட் கேபிள்கள் உயிருக்கே ஆபத்தானவை. மீட்டர் முனையை அவற்றின் அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம்.