எச்01.0 வகைக் கோட்களோடு இத்தனை வருஷம்: இமை அழற்சி கோடிங் அனுபவம்

கண் மருத்துவ சார்ட்டுகளில் பிளெபரைட்டிஸ், அதாவது இமை அழற்சி, அடிக்கடி வரும். இமையோரம் சிவந்து, இமைமுடி அடியில் செதில் படிந்து, காலையில் கண் ஒட்டிக்கொள்ளும் அந்தத் தொல்லைதான். கண்புரை, கிளாக்கோமா மாதிரி பயமுறுத்தும் பெயர் இல்லை என்பதால், டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைச் சுலபமான வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க கிளினிக்குகளுக்குக் கோடிங் செய்யும் (டாக்டர் எழுதிய நோய்க்கு இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கான கோட் போடும்) நான், நோய்க் கோட் பட்டியலான ஐசிடியின் 9-ஆம் பதிப்பு காலத்திலிருந்தே இதோடு பழகியவள். என்னைக் கேட்டால், எந்த இமை என்பதைச் சொல்வதில் இந்தக் கோட்கள் கெட்டி. என்ன நோய், எதனால் வந்தது என்று சொல்வதில் ரொம்ப மந்தம்.

ஐசிடி-9-இல் 373.00, 373.01, 373.02 என்று மூன்றே கோட். வகை தெரியாதது, புண் வகை, செதில் வகை. வலதா இடதா என்று யாரும் கேட்கவில்லை. 2015 அக்டோபர் 1-ஆம் தேதி ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்கப் பதிப்பு வந்ததும் அந்த மூன்றும் எச்01.00, எச்01.01, எச்01.02 ஆகி, ஒவ்வொன்றுக்கும் ஆறாவது இடத்தில் இமையின் எண் ஒட்டிக்கொண்டது. 1 வலது மேலிமை, 2 வலது கீழிமை, 4 இடது மேலிமை, 5 இடது கீழிமை. இந்த இமைக் கணக்கு அமெரிக்கப் பதிப்பில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இல் எச்01.0 என்பதோடு கதை முடிந்துவிடும்.

3 என்ற எண்ணில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். கண் வறட்சிக்கு எச்04.123 என்றால் இரண்டு கண்ணும். இமையோடு கண்ணின் வெண்படலமும் அழலும் பிளெபரோகன்ஜங்டிவைட்டிஸுக்கு எச்10.503 என்றாலும் இரண்டு கண்தான். அதே பழக்கத்தில் எச்01.003 போட்டால் அது ‘வலது கண், எந்த இமை என்று தெரியவில்லை’ ஆகிவிடும். இடது கண் கிளெய்மில் ஏறவே ஏறாது. இமை அழற்சிக்கு இரண்டு கண்ணையும் சேர்த்துச் சொல்லும் ஒற்றைக் கோட் இன்றுவரை கிடையாது.

முதல் மூன்று வருஷம் உண்மையிலேயே படுத்தி எடுத்தது. நோயாளிக்கு நான்கு இமையும் பாதித்திருந்தால் நான்கு கோட் போட வேண்டும். சிஎம்எஸ்-1500 என்ற கிளெய்ம் படிவத்தில் மொத்தம் பன்னிரண்டு டயக்னோசிஸ் எழுதலாம், ஆனால் ஒரு சர்வீஸ் வரிக்குக் காரணமாக நான்கைத்தான் பாயிண்ட் செய்ய முடியும். அந்த நான்கையும் இமைகளே பிடித்துக்கொண்டால், அதே விசிட்டில் டாக்டர் பார்த்த கண் வறட்சிக்கு அந்த வரியில் இடமில்லை. எதை விடுவது என்று ஆளுக்கொரு நியாயம், ஆடிட்டருக்கு வேறொரு நியாயம். 2018 அக்டோபரில் எச்01.00ஏ, எச்01.00பி வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். ஏ என்றால் வலது கண்ணின் மேல், கீழ் இரண்டு இமையும், பி என்றால் இடது கண்ணில் அதே. நான்கு கோட் இரண்டாகச் சுருங்கியது. இமையோரத்தில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பியின் கோளாறுக்கு எச்02.88 வரிசை தனியாகக் கிடைத்ததும் அப்போதுதான். இந்த ‘ஏ’யைப் பார்த்துவிட்டு, காயக் கோட்களின் ஏழாவது எழுத்து மாதிரி ‘முதல் விசிட்’ என்று நினைத்து, அடுத்த விசிட்டுக்கு ‘டி’ தேடிய புதியவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே அது ஆறாவது எழுத்து. எத்தனையாவது விசிட் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டாக்குமென்டேஷன் பக்கம் வந்தால் பெரிய தலைவலி ‘ஓயு’ என்ற இரண்டெழுத்து. ‘பிளெபரைட்டிஸ், ஓயு’ என்று அசெஸ்மென்ட் (டாக்டர் நோயை முடிவு செய்து எழுதும் பகுதி) முடிந்துவிடும். கண் இரண்டும் என்று தெரிகிறது, இமை தெரியவில்லை. உடனே எச்01.003, எச்01.006 என்று போட்டுவிட்டுப் போகாமல், அதே நோட்டின் ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பரிசோதனைப் பகுதியை ஒரு தடவை படித்துவிடுவது என் வழக்கம். டாக்டர் நோயை எழுதியிருந்தால், எந்த இமை என்பதை அங்கிருந்து எடுக்கலாம். அங்கே செதில் என்று இருக்கிறதே என்று நாமாக நோயை உருவாக்கக் கூடாது. ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதியிருந்தாலும் வெளிநோயாளி சார்ட்டில் அது கோட் ஆகாது, அறிகுறியைத்தான் போட வேண்டும். பழைய நோட்டை அப்படியே இழுத்துப் போடும் வசதி இன்னொரு வம்பு. நோயாளி வலது கண் உறுத்துகிறது என்று வந்திருப்பார், அசெஸ்மென்டில் போன விசிட்டின் இடது இமை உட்கார்ந்திருக்கும். அப்போது க்வெரிதான், அதாவது டாக்டரிடமே விளக்கம் கேட்பதுதான், வழி. அதிலும் ‘வலதுதானே டாக்டர்?’ என்று பதிலை நாமே ஊட்டக் கூடாது, முரணைக் காட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

அசெஸ்மென்டில் பிளெபரைட்டிஸ், பிளெபரோகன்ஜங்டிவைட்டிஸ் இரண்டும் இருந்தால் எச்01.0-க்குக் கீழே இருக்கும் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு இரண்டையும் சேர்த்துப் போட விடாது. புத்தகத்தில் தேடிப் போகாதவர்களுக்கு டினையல் (இன்ஷூரன்ஸ் கிளெய்மை மறுப்பது) வரும்போதுதான் இது தெரியவரும்.

என் பெரிய குறை வேறு. இன்றைய டாக்டர்கள் ‘ஆன்டீரியர்’ (இமையின் முன்புறம்), ‘போஸ்டீரியர்’ (பின்புறம்) என்றுதான் இமை அழற்சியைப் பிரித்து எழுதுகிறார்கள். கோட் புத்தகம் இன்னும் புண், செதில் என்ற பழைய பிரிவிலேயே நிற்கிறது. டாக்டர் விவரமாக எழுதிய சார்ட்டும் கடைசியில் ‘வகை குறிப்பிடப்படாதது’ என்ற எச்01.00-இல் போய் விழுகிறது. டெமொடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியால் வருகிற அழற்சிக்கு எச்01-க்குள் இடமே இல்லை, பி88 பிரிவுக்குப் போய் இரண்டாவது கோட் எடுத்து வர வேண்டும். 2023 ஜூலையில் அதற்கென்றே லோட்டிலானர் சொட்டு மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்த பிறகு இது வெறும் புள்ளிவிவர விஷயமாக இல்லாமல் போனது. முன் அனுமதிக்கு இன்ஷூரன்ஸ் அனுப்பும் கேள்விகளில் இமைமுடி அடியில் ‘காலரெட்’ (முடியைச் சுற்றிப் படியும் செதில்) பார்த்தீர்களா என்பதும் வருகிறது. உண்ணி இருப்பதற்கு அதுதான் நேரடி அடையாளம். கோட் எவ்வளவு சரியாக இருந்தாலும் நோட்டில் அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மருந்து நகராது.

நாள்பட்ட இமை அழற்சியோடு கலேசியன் கட்டியும் வந்து அதை அகற்றியிருந்தால் கூடுதலாக ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். வலது மேலிமைக் கலேசியன் எச்00.11, ஆனால் கட்டியை அகற்றியதற்கான 67800 என்ற கோடுக்குப் பக்கத்தில், எந்த இமை என்று காட்டப் போடும் மாடிஃபையர் இ3. மாடிஃபையரில் எண்ணிக்கை இடது மேலிமையில் தொடங்குகிறது: இ1, இ2 இடது, இ3, இ4 வலது. டயக்னோசிஸ் வலதிலிருந்து எண்ணும், மாடிஃபையர் இடதிலிருந்து எண்ணும். எங்கள் ஃப்ளோருக்குள் பேப்பர், பேனா எடுத்துப்போக அனுமதி இல்லை. எழுதி ஒட்டி வைக்க வழியில்லாததால் புதியவர்களை முதல் வாரமே இதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கச் சொல்லிவிடுகிறேன்.