பீட்டர் ஃபால்க்: முதலில் சீரியலா, சினிமாவா?

அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபால்க்கை அறியாதவர்கள் ‘கொலம்போ’ என்ற துப்பறியும் டிவி தொடரில் தொடங்குவதா, 1974-இல் வந்த ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ படத்திலா?

கொலம்போவில் கொலையாளி யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஃபால்க் நடிக்கும் போலீஸ் துப்பறிவாளர் கொலம்போ அவரை எப்படி மடக்குகிறார் என்பதுதான் சுவாரசியம். கசங்கிய மழைக்கோட்டோடு விடைபெற்று வாசல்வரை போவார், நெற்றியில் கைவைப்பார், திரும்பிவந்து இன்னொரு கேள்வி கேட்பார். மூன்று வயதில் வலது கண்ணை இழந்தவர் ஃபால்க். அந்தச் சாய்ந்த பார்வை பாத்திரத்துக்கு அப்படிப் பொருந்திப்போனது. அதற்காக வாங்கிய நான்கு எம்மி விருதுகள் (அமெரிக்க டிவி விருதுகள்) தகும்.

படத்தில் அந்த நிதானம் கிடையாது. மனம் குலையும் மனைவியை உயிராக நேசித்தும், என்ன செய்வதென்று தெரியாமல் கத்தித் தீர்க்கும் கட்டுமானத் தொழிலாளியாக வருகிறார் ஃபால்க். மனைவியாக நடித்த ஜீனா ரோலண்ட்ஸுக்கு ஈடுகொடுத்து நடித்தார், படத்துக்குச் சொந்தப் பணமும் போட்டார்.

என் ஓட்டு கொலம்போவுக்கே. படத்தை அப்புறம் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே பார்த்தால் மனசு கனத்துவிடும்.