ஓபன்ஜிஎல் 3.3: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோலாலம்பூரில் வரைகலை நிரலாக்கம் கற்கத் தொடங்குகிறவர் வல்கன் (ஓபன்ஜிஎல்லுக்குப் பின் வந்த, இன்னும் சிக்கலான இடைமுகம்) பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். நிரலிலிருந்து வரைகலைச் சில்லுக்கு வரையும் கட்டளைகளை அனுப்பும் ஓபன்ஜிஎல் 3.3 போதும். 2010இல் வந்த பழைய பதிப்புதான். ஆனால் முக்கோணம், ஷேடர் (சில்லில் ஓடும் சிறு நிரல்), அணி (பொருளை நகர்த்தித் திருப்பும் எண் கட்டம்), ஆழம் (எது முன்னே, எது பின்னே என்ற கணக்கு) ஆகிய நான்கும் எங்கே போனாலும் இவையேதான்.

கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் பழைய மடிக்கணினி பார்க்கிறவர்கள் வரைகலைச் சில்லின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்டெல் எச்டி 3000 என்றால் விண்டோஸில் 3.1 வரைதான், 3.3 கேட்டால் சாளரமே திறக்காது. எச்டி 4000இல் ஓடும். மேக்கில் 4.1ஓடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் 3.3க்கு அது தாராளம்.

ஓபன்ஜிஎல்லின் பெரிய குறை, தப்பு செய்தால் வாயே திறக்காது. ஷேடரில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் நீங்களாகக் கேட்டால்தான் சொல்லும். கேட்காவிட்டால் கறுப்புத் திரைதான்.

தப்பான எண் சரியான படம் போலத் தெரிவது அதைவிடக் கொடுமை. ஓபன்ஜிஎல்லோடு பயன்படும் கணித நூலகமான ஜிஎல்எம் பார்வைக் கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கிறது. பாகை என்று நினைத்து 45 கொடுத்தால், கணக்கு சுற்றிச் சுற்றி வந்து சுமார் 58 பாகையில் நிற்கும். படம் கொஞ்சம் அகலமாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதே இடத்தில் 60 போட்டால் காட்சி தலைகீழாகிப் பதினொரு மடங்கு சுருங்கிவிடும். அதனால் சோதனைக்கு எப்போதும் 60 போடுங்கள்.

ஆழத்துக்கு நம்மூர் உதாரணம்: 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தை மீட்டர் அளவிலேயே வரைந்து, அருகுத் தளத்தை (இதைவிடக் கிட்டே உள்ளது வரையப்படாது) 0.01 என்று வைத்தால், 24 பிட் ஆழத்தில் 500 மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் இடைவெளிகூடப் பிரித்தறியப்படாது. சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் சன்னல்கள் மினுக்மினுக்கென்று சண்டை போடும். 1 என்று மாற்றினால் பிழை ஒன்றரை சென்டிமீட்டருக்கு இறங்கும். தொலைத் தளத்தை (இதைவிடத் தூரத்தில் உள்ளது வரையப்படாது) குறைத்துப் பார்ப்பது வீண் வேலை, அது அநேகமாக எதையும் மாற்றாது.

தமிழ் எழுத்துதான் கடைசிச் சிக்கல். எழுத்துருவிலிருந்து எழுத்துப் படம் எடுத்துத் தரும் ஃப்ரீடைப் நூலகத்தை மட்டும் வைத்து எழுத்தெழுத்தாக வரைந்தால் ‘கோலாலம்பூர்’ முதல் எழுத்திலேயே உடையும்: இரட்டைக் கொம்பு ‘க’வுக்கு முன்னே வராமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் நூலகம் நடுவில் இருந்தால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் இடத்துக்கு வரும். ஒன்று கவனம்: அது திருப்பித் தருவது யூனிகோடு எண் அல்ல, எழுத்துருவுக்குள் இருக்கும் வடிவ எண். எழுத்துப் படங்களை யூனிகோடு எண்ணால் சேமித்து வைத்திருந்தால் திரையில் கண்ட கண்ட எழுத்தெல்லாம் வரும்.