கிளிப்லெஸ் மவுன்டன் பைக் ஷூ: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கிளிப்லெஸ் என்றால், ஷூவின் அடியில் திருகப்படும் கிளீட் என்ற சிறு உலோகத் துண்டு பெடலில் பூட்டிக்கொள்ளும் முறை; குதிகாலைத் திருப்பினால் விடுபடும். கடையில் அந்த ஷூவைக் கையில் எடுத்ததும் எல்லோரும் எடையைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், இறுக்குவது லேஸா, திருகும் டயலா என்று பார்க்கிறார்கள். வருடக்கணக்கில் ஓட்டினால் முதலில் போவது அடிப்பக்கம். கிளீட் உட்காரும் குழி, அதைச் சுற்றியுள்ள ரப்பர் கட்டைகள், அடியையும் மேல்பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பசை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கைவிடும். ஆகவே ஷூவைத் தலைகீழாகத் திருப்பி அங்கிருந்து தொடங்குங்கள்.

சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோ 1990-இல் எஸ்பிடி என்ற கிளிப்லெஸ் பெடலைக் கொண்டுவந்தபோதே கிளீட்டை அடிப்பாகத்துக்குள் பதித்துவிட்டார்கள். இறங்கி நடக்க முடிவது அதனால்தான். இன்றைய மவுன்டன் பைக் ஷூக்களிலும் அதே இரண்டு போல்ட் அமைப்புதான். ரோடு சைக்கிளின் மூன்று போல்ட் ஷூ வேறு சாதி. அதில் எஸ்பிடி கிளீட் நேரடியாகப் பொருந்தாது.

குழியை எப்படிச் சோதிப்பது? இன்சோலைத் தூக்கிப் பாருங்கள். நல்ல ஷூவில் உள்ளே மரையுள்ள ஒரு இரும்புத் தகடு முன்னும் பின்னும் நகரும். மரை போனால் அந்தத் தகட்டை மட்டும் மாற்றிவிடலாம். மரை அடிப்பாகத்திலேயே வார்க்கப்பட்டிருந்தால், ஒரு போல்ட் மரை போனாலே ஷூவின் கதை கிட்டத்தட்ட முடிந்தது. அடுத்து, கிளீட்டை மாட்டியபின் சமமான டைல்ஸ் தரையில் வைத்து மேலிருந்து அழுத்துங்கள். கிளீட்டுக்கும் தரைக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டாவது நுழைய வேண்டும். புதிதிலேயே நுழையவில்லை என்றால், ரப்பர் கொஞ்சம் தேய்ந்ததும் பாறையில் கால் வைக்கும்போதெல்லாம் இரும்பு உரசும், வழுக்கும், கிளீட்டும் சீக்கிரம் தேயும்.

கார்பன் அடியா நைலானா என்பதில் என் கருத்து உறுதியானது: பந்தயம் ஓட்டாதவர்களுக்கு நைலான் போதும். கார்பன் விறைப்பானது, இலேசானது. ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாறையில் ஏறும் இடங்களில் அந்த விறைப்பே எதிரி. ரப்பர் கட்டைகளுக்கு நடுவே வெறும் கார்பன் தெரியும் ஷூக்கள் ஈரப்பாறையில் பிடிமானமே தராது. பாதத்தின் நடுப்பகுதியிலும் ரப்பர் ஓடுகிறதா என்று பாருங்கள். கிளீட்டைப் பூட்டாமல் பெடலில் கால் வைக்கும்போது அந்த இடம்தான் தாங்கும்.

அளவை மாலையில் போட்டுப் பாருங்கள், பகல் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடும் சாக்ஸையே போடுங்கள். விரல்களுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். படியேறும்போது குதிகால் தூக்கக் கூடாது. பாதம் அகலமாக இருந்தால் அகல வார்ப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்துச் சமாளித்தால் கிளீட் துளைகள் தவறான இடத்தில் போய் நிற்கும்.

கிளீட் பொருத்துவதில் அவசரம் வேண்டாம். ஷூவைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் அடியில் துருத்தும் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் வெளியிலிருந்து தடவிப் பார்த்துப் பேனாவால் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே பெடல் அச்சு வரும்படி வைப்பது தொடக்க நிலை. கரடுமுரடான பாதையில் எழுந்து நின்று இறங்குபவர்கள் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளிக்கொண்டால் கெண்டைக்காலுக்கு வேலை குறையும், நிலையும் உறுதிப்படும். போல்ட் மரையில் கிரீஸ் தடவி, 4 மி.மீ. ஆலன் கீயால் இரண்டையும் மாறிமாறி இறுக்குங்கள். இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் சாதாரண ஆலன் கீயைக் கையால் அழுத்தி இறுக்கினால் சரியாக வரும். குழாய் மாட்டி நெம்பாதீர்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் கட்டாயம் மறுபடி இறுக்குங்கள், ஏனென்றால் கிளீட்டின் பற்கள் அடிப்பாகத்தில் பதிந்ததும் போல்ட் தளரும்.

இதைத் தட்டிக்கழித்தால் ஆபத்து. ஒரு போல்ட் விழுந்துவிட்டால் குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் சுழலும், கிளீட் பெடலிலேயே நிற்கும். கழற்றவே முடியாது. அப்படி மாட்டிக்கொண்டால் எங்காவது சாய்ந்து நின்று, ஷூவைத் தளர்த்திக் காலை மட்டும் வெளியே எடுங்கள்.

புதியவர்களுக்கு ஷிமானோ கிளீட்களில் எஸ்எச்56 நல்லது, பக்கவாட்டில் மட்டுமல்ல, வேறு திசைகளில் இழுத்தாலும் விடும். எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும், குலுக்கலில் எளிதில் தானாகக் கழலாது. பெடலின் ஸ்பிரிங் இறுக்கத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். இன்னொரு நிறுவனமான கிராங்க்பிரதர்ஸின் கிளீட்டில் வலது இடது மாற்றி மாட்டினால் விடும் கோணம் 15 பாகையிலிருந்து 20 ஆகும். அது பித்தளை, இரும்பைவிட வேகமாகத் தேயும். ஆட்டம் அதிகமாவதும், கேட்காமலே கழல்வதும் கிளீட் மாற்ற வேண்டிய நேரத்தைச் சொல்லும்.

சேற்றில் ஓட்டிவந்த அன்றே கழுவுங்கள். நீலகிரிச் செம்மண் காய்ந்துவிட்டால் போல்ட் தலைக்குள் சிமென்ட் மாதிரி இறுகும். அதன்மேல் ஆலன் கீயை வைத்துத் திருப்பினால் தலை வட்டமாகிவிடும். கோணூசியால் குத்தி முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சாவியை உள்ளே விட வேண்டும். பழைய டூத் பிரஷ், சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு போதும். பிரஷர் வாஷர் தையலுக்குள்ளும் டயலுக்குள்ளும் மணலைத் திணிக்கும். வாஷிங் மெஷினும் வேண்டாம். வயரை இழுத்து ஷூவை இறுக்கும் போவா டயல் கரகரத்தால் ஓடும் தண்ணீரில் முன்னும் பின்னும் சுழற்றுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், ஷூவின் ஆயுள் முழுவதும் டயலுக்கும் வயருக்கும் போவா நிறுவனம் உத்தரவாதம் தருகிறது, கேட்டு வாங்குங்கள்.

காயவைப்பதில்தான் பலர் ஷூவைக் கொல்கிறார்கள். மொட்டை மாடி வெயில், ஹேர் டிரையர், கார் டேஷ்போர்டு எல்லாம் பசையை இளக்கும். இன்சோலை உருவித் தனியாக வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்தில் மாற்றி, பிறகு ஃபேனுக்கடியில் நிழலில் விடுங்கள். குழி வழியாகத் தண்ணீர் ஏறினால், இன்சோலுக்குக் கீழே துளைகளை மூடும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நுனியில் ரப்பர் வாய் பிளந்தால் ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள். அது கண்ணாடிபோல் இறுகி, அடி வளையும்போது உடையும். ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரியான ரப்பர் பசை வேண்டும். பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதன்பின் அழுத்திச் சேருங்கள். பழைய டியூபை இழுத்துச் சுற்றிக் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றாலும் அட்டைப்பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். பாலியூரித்தேன் நடு அடியுள்ள ஷூக்கள் காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் உதிரும். போடாமலே வைத்திருந்ததும் ஒரு நாள் நடந்தால் பொடியாகக் கொட்டும். காற்றாடும் அலமாரியில் வைத்து, கிளீட் போல்ட்டை அவ்வப்போது கழற்றிப் புதுக் கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள்.