ஹிரோஷிகேயின் மழை: கையால் அச்சடித்த மறுபதிப்பு வாங்கலாமா?

ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளைச் சேர்க்க ஆசை இருக்கிறது, அசல் வாங்கக் காசு இல்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியது பாலத்தின் மேல் திடீரென்று மழை கொட்டும் படம், ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் செய்தது. வான்கோ 1887இல் எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தாரே, அதேதான். கட்டைகளைப் புதிதாகச் செதுக்கி, பழைய முறையிலேயே டோக்கியோவில் அச்சடித்திருக்கிறார்கள். கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்து சென்னைக்கு வந்து சேர ஒரு சுமாரான பட்டுப்புடவை விலை ஆனது. தாராளமாகக் கொடுக்கலாம்.

போஸ்டரில் பார்த்தவர்களுக்கு இந்த மழை தெரியவே தெரியாது. மழைக்கு மட்டும் இரண்டு கட்டைகள், ஒன்றின் சாய்வு மற்றதிலிருந்து கொஞ்சம் மாறும், அதனால்தான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கண்முன் பெய்கிற மாதிரி இருக்கிறது. இந்தக் கோடு எதுவும் கட்டையில் கீறியதில்லை. சுற்றியுள்ள மரத்தையெல்லாம் எடுத்துவிட்டு அந்த மயிரிழையை மட்டும் மேடாக விட்டுவைக்க வேண்டும், செர்ரி மரம் கெட்டியாக இருப்பதால் அது உடையாமல் நிற்கிறது. மேலே கருத்து இறங்கும் வானமோ செதுக்கலே இல்லை. கட்டையில் ஈரம் தடவி, ஒரு ஓரத்தில் மட்டும் வண்ணம் வைத்து பிரஷால் இழுக்கிறார்கள், பொகாஷி என்று பெயர். ஒவ்வொரு தாளுக்கும் இதைத் திரும்பச் செய்தாக வேண்டும்! நீர்வண்ணம் பழகும் எனக்கு, எங்கே ஈரத்தை நிறுத்த வேண்டும் என்று இந்த வானம்தான் புரியவைத்தது.

அப்புறம் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வண்ணம் ஊறியிருக்கும், மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டால் தேய்த்த தடமும் தெரியும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள், கையச்சா டிஜிட்டல் பிரிண்டா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

வாங்குவதைவிட பிரேம் போடுவதுதான் சிரமம். ஒரு கடையில் பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்து தருகிறேன் என்றார்கள், கும்பிட்டு வந்துவிட்டேன். மயிலாப்பூரில் ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, அமிலம் இல்லாத மவுண்ட் போர்டில், மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பான் தாள் கீற்றால் தொங்கவிட்டுத் தந்தார். கண்ணாடி தாளில் படக்கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை வரும், ராமபாணப் பூச்சி வேறு. ஐப்பசி கார்த்திகையில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டவே வேண்டாம், நேர் வெயிலும் ஆகாது.

அடுத்து கவாசே ஹசுயி (1883–1957) என்ற ஜப்பானிய ஓவியரின் அச்சு ஒன்று வாங்க எண்ணம். அவர் அச்சுகளில் பதிப்பாளர் வதனாபேயின் முத்திரையை வைத்துத்தான் எந்தக் காலத்து அச்சு என்று கணிக்கிறார்கள், விலையும் அதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது. இப்போது அந்த முத்திரைகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.