காரைக்குடி வெயிலுக்கு மினரல் ஆயிலா, சிந்தெடிக்கா?

எங்கள் பெட்ரோல் காருக்குப் போன சர்வீஸில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரல் என்ஜின் ஆயிலை விட்டுவிட்டு, ரசாயன முறையில் தயாரிக்கும் முழு சிந்தெடிக் 5டபிள்யூ-30க்கு மாறினோம். மெக்கானிக்குக்கு அரை மனசுதான். "நம்ம ஊரு வெயிலுக்கு ஆயில் திக்கா இருந்தாத்தாண்ணே நிக்கும், 20டபிள்யூ-40 ஊத்துவோம்" என்றார். இங்கே பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

பழைய வண்டிகளுக்கு அது சரி. இப்போதைய என்ஜினில், வெளியே 40 டிகிரி கொளுத்தினாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுமார் 90 டிகிரியில் நிறுத்தப் பார்க்கும். ஆயில் எண்ணில் பின்பாதி (5டபிள்யூ-30இல் 30), 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மையைச் சொல்வது. என்ஜினுக்கு எது வேண்டுமென்று கம்பெனி கையேட்டிலேயே போட்டிருக்கிறது. சில கார்களில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே அச்சடித்திருக்கும்.

முன்பாதி (5டபிள்யூ) குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. நமக்கு ஏது குளிர் என்று தோன்றும். ஆனால் சூடேறாத என்ஜினுக்கு 30 டிகிரியும் குளிர்தான். செட்டிநாட்டில் பல கார்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் ஷெட்டை விட்டு வெளியே வருகின்றன. நிற்கும் நாளெல்லாம் ஆயில் என்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப் தொட்டியில் இறங்கிக் கிடக்கும். சாவியைத் திருப்பியதும் அது மேலே ஏறும்வரைதான் என்ஜின் அதிகம் தேய்கிறது. 5டபிள்யூ சீக்கிரம் ஏறும்.

அதைவிட என்னை மாற்றியது பராமரிப்புக் கணக்கு. கோட்டையூர், பள்ளத்தூர் என்று பக்கத்து ஊருக்குப் போய்வரும் ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் அதிலேயே தங்கும். அடைமழைக் காலத்தில் மூடியைத் திறந்து பாருங்கள், சில வண்டிகளில் உள்பக்கம் மோர் போல வெளுத்த பிசுக்கு அப்பியிருக்கும். அதாவது கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் நாள் ஓடினாலே ஆயில் கெடும். மினரலுக்குப் பொதுவாக 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். சிந்தெடிக்குக்கு 10,000 அல்லது ஒரு வருஷம். எங்களைப் போலக் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு முதலில் வருவது காலண்டர்தான். மினரல் என்றால் வருஷத்துக்கு இரண்டு தடவை ஆயில், ஃபில்டர், கூலி, வண்டியைப் பட்டறையில் விடும் அலைச்சல். கூட்டிப் பார்த்தால் மினரலில் மிச்சம் பெரிதாக இல்லை. அதற்காக, ஓடவே இல்லையே என்று சிந்தெடிக்கை இரண்டு வருஷத்துக்கு இழுக்காதீர்கள்.

செமி சிந்தெடிக் இரண்டுக்கும் நடுவில். அதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. ஆயில் குடிக்கிற, கசிகிற பழைய வண்டிக்கு மினரலே போதும், அடிக்கடி ஊற்றிக் கட்டுப்படியாகும். டீசல் நான் வைத்துப் பழகியதில்லை. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்6 (இந்தியப் புகை விதி) டீசலுக்கு அதற்கென்ற ஆயில் உண்டு, அதில் மட்டும் கையேட்டை மீற வேண்டாம்.

வாங்கும்போது கேனில் ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி என்ற தரக் குறியீடு இருக்கிறதா, சீல் பிரிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றி முடித்த காலிக் கேனில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுங்கள். இல்லையென்றால் அதில் கண்டதை நிரப்பி விற்க ஆள் இருக்கிறது.